காட்டுக் காளானை அடையாளம் காண: பெயருக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

உங்கள் கேள்வியின் சாரம் இதுதான். கூடலூர் பக்கம் சிறிய தோட்டம் ஒன்றை வாங்கிக் குடியேறியிருக்கிறீர்கள். ஜூன் மழை பிடித்ததும் வீட்டைச் சுற்றி விதவிதமாகக் காளான்கள் தலைகாட்டுகின்றன. செல்போன் செயலியில் படம் எடுத்துப் போட்டால் ஒரே காளானுக்கு மூன்று பெயர்கள் வருகின்றன. இவற்றை முறையாக அடையாளம் காண எங்கே தொடங்குவது? இவை மண்ணுக்கும் மரத்துக்கும் நல்லவையா, கெட்டவையா? எவற்றைச் சமைக்கலாம்?

மூன்றாவது கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். அதை முதலில் கேட்பவர்கள் காளானைக் கற்றுக்கொள்வதில்லை என்பது என் அனுபவம். முதல் இரண்டும் தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் ஒன்றுதான். ஒரு காளான் எதைத் தின்று வாழ்கிறது என்று தெரிந்துவிட்டால் அதன் பெயரில் பாதி கைக்கு வந்துவிடும்; அது காட்டில் என்ன வேலை செய்கிறது என்பதும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். செயலி தடுமாறுவது இங்கேதான். மேலிருந்து எடுத்த படத்தில் அதற்குக் கிடைப்பது குடை மட்டும். தலைப்பாகையைப் பார்த்து ஆளின் ஊரைச் சொல்வது போன்ற வேலை அது. குடையின் நிறமோ மழையில் வெளுக்கும், வெயிலில் கருகும், இளமையில் ஒன்றாகவும் முதுமையில் வேறாகவும் இருக்கும். காளானில் உள்ள அடையாளங்களிலேயே நம்பத்தகாதது அதுதான்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பூஞ்சைகள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். உண்மையில் 22 லட்சம் முதல் 38 லட்சம் இனங்கள் வரை இருக்கலாம் என்பது 2017-இல் வெளியான ஒரு மதிப்பீடு. ஆகவே உங்கள் தோட்டத்தில் முளைப்பதற்கெல்லாம் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. கடைகளில் கிடைக்கும் வண்ணப்பட வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றைப் புரட்டி, ‘இது அதேபோல் இருக்கிறதே’ என்று முடிவுகட்டுவது இங்கே வழக்கமாக நடக்கும் விபத்து. பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதி, வரை சரியாகச் சொல்ல முடிந்தால், தொடக்கக்காரருக்கு அதுவே பெரிய வெற்றி.

இனி, காளானுக்கு முன்னால் குந்தி உட்காருங்கள். அது எதிலிருந்து கிளம்புகிறது? பட்டுப்போன கட்டையிலிருந்தா, உயிருள்ள மரத்தின் அடியிலிருந்தா, சாணத்திலிருந்தா, வெறும் மண்ணிலிருந்தா? மண் என்றால் அருகில் என்ன மரம்? பூஞ்சைக்குப் பச்சையம் கிடையாது. செத்ததை மக்கவைத்துத் தின்ன வேண்டும், அல்லது உயிருள்ளதைத் தாக்கித் தின்ன வேண்டும், அல்லது உயிருள்ள ஒன்றோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் பார்க்கும் குடை, வித்துகளைப் பரப்பச் சில நாட்களுக்கு மட்டும் வெளியே வரும் உறுப்பு. தின்கிற உடல் கட்டைக்குள்ளும் மண்ணுக்குள்ளும் வெள்ளை இழைகளாகப் பரவிக் கிடக்கிறது.

கட்டையிலிருந்து தொடங்குவது எளிது. விழுந்து கிடக்கும் கிளை ஒன்றை உடைத்து உள்ளே பாருங்கள். மரம் வெளுத்து, நார் நாராகப் பிரிந்து, ஈரப் பஞ்சுபோல் இருந்தால் அது வெண்மக்கல். மரத்துக்கு விறைப்பைக் கொடுக்கும் லிக்னினையே சிதைக்கும் திறன் படைத்த பூஞ்சை அங்கே வேலை செய்திருக்கிறது. மாறாக, மரம் பழுப்பாகிச் சதுரம் சதுரமாக வெடித்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தால் அது பழுப்பு மக்கல். அங்கே பூஞ்சை மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோசைத் தின்றுவிட்டு லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவைத்திருக்கிறது. இரண்டாவது வகை ஊசியிலை மரங்களில் அதிகம் என்பதால், நீலகிரியின் பைன் தோப்புகளில் தேடினால் சீக்கிரம் கண்ணில் படும். காளான் எதுவும் முளைக்காத மாதத்திலும் இந்தப் பாடத்தைப் படிக்கலாம் என்பதே இதன் வசதி. லிக்னினை முழுமையாகச் சிதைக்கும் வேலையைச் செய்ய மற்ற உயிர்களில் ஆளில்லை என்றே சொல்லலாம். வெண்மக்கல் பூஞ்சைகள் வேலைநிறுத்தம் செய்தால் விழுந்த மரங்கள் விழுந்தபடியே குவிந்து கிடக்கும். அவற்றுக்குள் இருக்கும் சத்து மண்ணுக்குத் திரும்பாது.

கட்டைக் காளான்களில் நான்கைந்து முகங்களைப் பழகிக்கொள்ளுங்கள். கறிக்கட்டை உருண்டைபோல் கறுப்பாக, வெட்டினால் உள்ளே வளையம் வளையமாகத் தெரிவது டால்டினியா. ஆரஞ்சும் சிவப்பும் கலந்து, வெயில் படும் கட்டைகளில் தட்டையாக நீட்டிக்கொண்டிருப்பது பிக்னோபோரஸ். ஈரத்தில் காதுமடல்போல் துவண்டும், காய்ந்தால் சுருங்கி விறைத்தும், மறு மழைக்கு மீண்டும் துவண்டும் போவது மரக்காதுக் காளான். விரல்நகம் அளவில், மேலே சாம்பல் வெள்ளை ரோமத்தோடு, வேலிக்கால் முதல் விறகுக்கட்டு வரை எங்கும் ஒட்டியிருப்பது ஸ்கிசோபில்லம். இதை ஒரு உருப்பெருக்கியில் கட்டாயம் பாருங்கள். அடியில் விசிறிபோல் விரியும் செவுள், அதாவது மெல்லிய தகடு, ஒவ்வொன்றும் நீளவாட்டில் இரண்டாகப் பிளந்திருக்கும். வறண்டால் அந்தப் பிளவின் இரு பாதிகளும் வெளிப்புறமாகச் சுருண்டு வித்து தரும் பரப்பை மூடிக்கொள்ளும். ஈரம் பட்டதும் விரியும். காய்ந்த ஒன்றைத் தண்ணீரில் நனைத்துவைத்தால் அது நிமிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

உயிருள்ள மரத்தின் அடியில், மேலே அரக்குப் பூசியது போன்ற பளபளப்போடு பலகைபோல் நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் கேனோடெர்மா. அதைச் சுற்றி இலைகளிலும் மண்ணிலும் கோகோ நிறத்தில் தூள் படிந்திருக்கும், அத்தனையும் வித்துகள். தென்னை விவசாயிகளுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பகுதியில் கவனத்துக்கு வந்து, தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் பெற்ற அடித்தண்டழுகல் நோய்க்குக் காரணம் கேனோடெர்மாதான். அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு வடியும், கீழ் மட்டைகள் துவளும், குரும்பை கொட்டும். காளான் வெளியே தெரியும்போது மரத்தின் கதை ஏறக்குறைய முடிந்திருக்கும். செத்த மரத்தின் அடிக்கட்டையிலும் வேரிலும் அது உயிரோடு காத்திருக்கும் என்பதால்தான், கட்டையை வேரோடு தோண்டி எடுக்கச் சொல்கிறார்கள். வேப்பம் பிண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா இடச் சொல்வதும் இதற்காகத்தான். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். பூஞ்சையைப் பூஞ்சையால் அடிக்கும் வேலை.

அதற்காக, உயிருள்ள மரத்தைத் தின்பதெல்லாம் எதிரி என்று எழுதிவைத்துவிடாதீர்கள். காட்டில் பெரிய மரங்களின் வயிரப்பகுதியைப் பூஞ்சை மெல்ல அரித்துப் பொந்தாக்குகிறது. இருவாச்சியால் தானாக மரத்தைக் குடைய முடியாது. இப்படி உண்டாகும் பொந்து கிடைத்தால்தான் முட்டையிடும். ஆந்தை, மைனா, பறக்கும் அணில் என்று வாடகையில்லாமல் குடியிருப்போர் பட்டியல் நீளமானது. ‘உள்ளே அழுகிவிட்டது’ என்று தோட்டத்தின் ஓரத்துக் கிழ மரத்தை வெட்டும் முன், அது வீட்டின் மீதோ பாதையின் மீதோ விழுமா என்று மட்டும் பாருங்கள். விழாது என்றால் விட்டுவிடலாம்.

மூன்றாவது பிழைப்பு, வேரோடு கூட்டு. உங்கள் காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் வேருக்குள் பூஞ்சைத் துணை உண்டு. பூஞ்சை இழைகள் வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸ் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்கின்றன. நிலத்தாவரங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டு பழைய புதைபடிவங்களிலேயே இந்தக் கூட்டு தெரிகிறது. வேளாண் கடையில் ‘வேம்’ என்று விற்கும் உயிர் உரம் இந்த வகைதான். ஆனால் இவை குடை விரிப்பதில்லை. ஆகவே நம் ஊர்க் காடுகள் பலவற்றில் மிக முக்கியமான பூஞ்சைகளை நீங்கள் பார்க்கவே போவதில்லை.

குடை விரிக்கும் வேர்த்துணைகள் வேறு ஒரு கூட்டம். ஐரோப்பியப் புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் வரும் அமானிட்டா, ருசுலா, சுயில்லஸ் எல்லாம் இதில் அடங்கும். அவை பைன், ஓக் போன்ற மரங்களோடு சேர்பவை. ஊட்டி, கொடைக்கானல் பைன் தோப்புகளில் செக்கச்சிவந்த குடையில் வெள்ளைப் பொட்டுகளோடு ஒரு காளான் வரும். பார்த்ததும் எல்லோரும் படம் எடுப்பார்கள். அமானிட்டா மஸ்காரியா. அது இந்த மண்ணின் பிள்ளையல்ல. பைன் வந்ததால் வந்தது. நச்சுக் காளான், தொட்டுப் பார்ப்பதில் ஆபத்தில்லை, வாயில் வைக்காதீர்கள். யூகலிப்டஸ் தோப்பின் செம்மண்ணில் உருளைக்கிழங்குபோல் கிளம்பி, பிளந்தால் பழுப்புப் பொடி கொட்டும் பைசோலித்தஸும் அப்படியே, ஆஸ்திரேலியக் கூட்டாளி. ஆகவே கூடலூர்ப் பக்கம் மண்ணிலிருந்து ஒரு அமானிட்டாவோ ருசுலாவோ முளைத்தால் முதலில் நிமிர்ந்து அருகிலுள்ள மரத்தைப் பாருங்கள். நம் சொந்த மரங்களில் இந்த வகைக் கூட்டு வைத்திருப்பவை குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் வெள்ளைக் குங்கிலியமும் அதன் குடும்பத்து மரங்களும் அப்படிப்பட்டவை. கர்நாடகத்தின் உப்பங்களா காட்டில் அவற்றின் கீழே இந்தக் காளான்களை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த காளானுக்கு வருகிறேன். புற்றுக்காளான். இதை ஒருமுறை முழுசாகத் தோண்டிப் பார்த்தவருக்கு மேலே சொன்ன பாடமெல்லாம் தேவையில்லை.

குடையின் உச்சியில் கூரான ஒரு முனை இருக்கும். இறுகிய மண்ணைத் துளைத்துக்கொண்டு வருவதற்கான ஆணி அது. தொட்டால் மற்ற சதையைவிடக் கெட்டியாக இருக்கும். தண்டைப் பிடித்து இழுக்காமல், ஒரு பக்கமாக மண்ணை விலக்கிக்கொண்டே போங்கள். தண்டு முடிவதில்லை. வேர்போல் மெலிந்து, சமயத்தில் கை முழங்கை வரை உள்ளே போகும் அளவு இறங்கும். முடியும் இடத்தில் கரையான் கூட்டின் அறை ஒன்று. அதற்குள் வால்நட் பருப்பின் மடிப்புகளோடு, தேன்மெழுகு நிறத்தில், கையில் எடுத்தால் உதிரும் ஒரு பொருள். அதன் மீது ஊசித்தலை அளவில் வெள்ளை உருண்டைகள். அதுதான் கரையானின் தோட்டம்.

காய்ந்த இலையையும் புல்லையும் கட்டையையும் வேலைக்காரக் கரையான்கள் தின்று, அரைகுறையாகச் செரித்து, பூஞ்சை வித்துகளோடு சேர்த்து இங்கே கழிக்கின்றன. கரையானால் கையாள முடியாத லிக்னினைப் பூஞ்சை சிதைக்கிறது. வெள்ளை உருண்டைகளையும், பழுத்த தோட்டத்தின் அடிப்பகுதியையும் கரையான்கள் தின்கின்றன. மனிதர் விவசாயம் தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டு சொச்சம். இவர்கள் தொடங்கி ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டுகள். இந்தக் காளான்களுக்கு டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தை 1942-இல் நிறுவியவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம். நம் பக்கம் வரும் வகைகளில் ஒன்றை 1979-இல் விவரித்து, அவர் பெயரையே டெர்மிட்டோமைசிஸ் ஹைமியை என்று சூட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.நடராஜன். எல்லைக்கு அப்பால் வயநாட்டில் அரிக்கூண் என்று சொல்லும், அரிசி இறைத்ததுபோல் ஆயிரக்கணக்கில் வரும் பொடிக் காளானும் இதே பேரினம்தான். அதற்கு அந்த நீண்ட வேர் இருக்காது. கரையான்கள் தோட்டத் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து போட்ட இடத்தில் அது முளைக்கிறது.

ஓர் ஆண்டு புற்றுக்காளான் வந்த இடத்தில், கரையான் கூடு அழிந்தபின், கரிய மெல்லிய விரல்கள் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். அது சைலேரியா என்ற வேறு பூஞ்சை. கரையான்கள் உயிரோடு தோட்டத்தைப் பராமரிக்கும் வரை அதைத் தலையெடுக்கவிடுவதில்லை. காவல் போனதும் கைவிடப்பட்ட தோட்டத்தைப் பிடித்துக்கொள்கிறது. காளானைப் பார்த்து மண்ணுக்கடியில் நடந்ததைச் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. தோட்டத்தில் கரையான் மருந்தை ஊற்றிவிட்டு, ‘முன்பெல்லாம் இங்கே காளான் கொட்டும்’ என்று வருத்தப்படுபவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி கைவேலை. காளானைப் பறிக்காதீர்கள், கத்தியாலோ கரண்டியாலோ அடியோடு பெயர்த்து எடுங்கள். அமானிட்டாவின் அடியில் இருக்கும் பை போன்ற உறை மண்ணுக்குள் தங்கிவிட்டால், ஆளைக் கொல்லும் காளானின் முக்கியமான அடையாளத்தையே நீங்கள் தொலைத்துவிட்டீர்கள் என்று பொருள். தண்டில் வளையம் உண்டா, அது மேலும் கீழும் நகருமா, ஒடித்தால் நார் நாராகக் கிழிகிறதா அல்லது சாக்பீஸ்போல் படக்கென்று முறிகிறதா, பால் வடிகிறதா, நசுக்கிய இடம் நிறம் மாறுகிறதா, என்ன மணம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். இளசு, முற்றியது என்று வெவ்வேறு வயதில் இருப்பவற்றைச் சேர்த்தே எடுங்கள்.

பிறகு வித்துப்பதிவு. தண்டை நறுக்கிவிட்டு, குடையைப் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் கவிழ்த்து, மேலே ஒரு எவர்சில்வர் டம்ளரை மூடி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் தாளில் வித்துத் தூள் படிந்திருக்கும். வெள்ளை என்றால் அமானிட்டா, லெப்பியோட்டா, பால்காளான் பக்கம். இளஞ்சிவப்பு என்றால் புற்றுக்காளான், வைக்கோல் காளான் பக்கம். சாக்லேட் பழுப்பு என்றால் மொட்டுக்காளானின் இனமான அகாரிகஸ். துருநிறம், கறுப்பு எனத் தொடரும். செயலியால் செய்ய முடியாத சோதனை இது. செலவு ஒரு தாள்.

இதன் மதிப்பைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு போதும். மழைக்குப் பின் புல்தரையிலும் பள்ளி மைதானத்திலும் வட்டமாக, தட்டு அகலத்தில், வெள்ளைக் குடையும் நடுவில் பழுப்புச் செதில்களும் தண்டில் நகரும் வளையமுமாக ஒன்று வரும். பார்க்க அவ்வளவு ‘நல்ல’ காளான். செவுளும் வெள்ளை. தாளில் கவிழ்த்தால் படிவது மங்கிய பச்சை. குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ். தின்றவர்களை ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தியிலும் பேதியிலும் வீழ்த்துவது. முற்றினால் செவுளிலேயே பச்சை தெரியும், ஆனால் சமைக்க ஆசைப்படுபவர் இளசைத்தானே பறிப்பார்.

இப்போது சமையல். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, அணிலும் பூச்சியும் தின்கின்றனவா, புளியும் மஞ்சளும் போட்டு வேகவைத்தால் விஷம் முறியுமா என்று பல சோதனைகள் ஊரில் புழங்குகின்றன. ஒன்றுகூட உதவாது. கொடிய அமானிட்டாக்களில் இருக்கும் அமடாக்சின் வேகவைத்தாலும் அழியாது. ருசியில் குறை தெரியாது. தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் அரை நாள் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு ஒரு நாள் சரியானதுபோல் தோன்றும். அந்த இடைவெளியில் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். லெப்பியோட்டா, கேலரினா போன்ற பொடிக் காளான்களிலும் இதே நஞ்சு கொண்டவை உண்டு. 2022 ஏப்ரலில் அசாமில், காட்டுக் காளான் சாப்பிட்டுச் சில நாட்களுக்குள் 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள். வீட்டில் யாருக்காவது சந்தேகம் வந்தால் வாந்திக்குக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீந்த காளானையும், குழம்பில் கிடப்பதையும்கூட, எடுத்துப்போங்கள்.

உங்கள் பகுதியில் பணியரும் காட்டுநாயக்கரும் காளான் பறித்து உண்பதைப் பார்ப்பீர்கள். அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்வது நல்லதுதான். ஆனால் அந்த அறிவு இன்ன இடத்தில், இன்ன மழைக்குப் பின் வரும் இன்ன காளான் என்ற அளவுக்கு நுணுக்கமானது. ஒருமுறை கூடவே போய்விட்டு வந்து, அதை வேறு மலைக்கும் வேறு மாதத்துக்கும் நீட்டினால் பழி அவர்கள் மேல் விழக்கூடாது. காப்புக்காட்டுக்குள் எதையும் சேகரிக்க வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். படிப்பதற்கு உங்கள் தோட்டமே போதும். ஒரு பட்டுப்போன கட்டையைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை அதில் என்ன வருகிறது, அடுத்து என்ன வருகிறது என்று எழுதிவையுங்கள். ஒன்று தின்று முடித்த இடத்தில் இன்னொன்று எப்படிக் குடிவருகிறது என்று தெரியும்.

சாப்பிடத்தான் ஆசை என்றால் வளர்த்துச் சாப்பிடுங்கள். சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரின் குளிர்ச்சிக்குச் சிப்பிக்காளான் ஒத்துவரும். பால்காளானுக்கு இன்னும் வெப்பம் வேண்டும், அது சமவெளிக்காரர்களுக்கு. விதைப்புட்டியும் பயிற்சியும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும். சிப்பிக்காளானும் வெண்மக்கல் பூஞ்சைதான் என்பதால், வைக்கோல் படுக்கை நாளுக்கு நாள் எடை குறைந்து வெளுத்து நொறுங்குவதை வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம். அறுவடை முடிந்த படுக்கையைக் காப்பிச் செடி அடியில் கொட்டுங்கள். அடுத்த மழைக்கு அதில் நீங்கள் விதைக்காத காளான்கள் வரும். அவற்றுக்கும் தாளையும் டம்ளரையும் எடுத்துவையுங்கள், சட்டியை வேண்டாம்.